தம்பி விட்ட தண்ணி

“கலியாணம் கட்டாதவளுக்கு எதுக்குச் சீதனக் காணி?”

கனகாலமாய் எமிலியானுஸ் கேட்கிற கேள்வி இது. வேறை ஆரிட்டையுமில்லை, கூடப்பிறந்த அக்கா அன்ரனிட்டாவிட்டைத்தான். அவவும் சும்மா விடுற ஆளில்லை. “அம்மா கண் தெரிஞ்சுதான் எழுதினவ, உனக்கேன் வயித்தெரிச்சல்?” எண்டு திருப்பிக் குடுப்பா. நாரந்தனையிலை அவவின்ரை வாய்க்குப் பயப்பிடாத சனம் இல்லை.

காணியெண்டாலும் என்ன காணி! ஒரு முழம் கிண்டினால் கல்லு. மேலாலை உப்புக் காத்து. அதிலைதான் அவ கறுப்புக் கொடிமுந்திரிகைப் பந்தல் போட்டு, பழத்தைப் பிழிஞ்சு, வேதக்கோயில் பூசைக்கு இரசம், அதுதான் வைன், போட்டுக் குடுக்கிறவ. கடுஞ்சிவப்பு. வாயிலை விட்டால் முதல் துவர்க்கும், பிறகு இனிக்கும், கடைசியிலை நாக்கின்ரை அடியிலை மெல்லிசாய் ஒரு உப்பு நிக்கும்.

“உப்புக் கரிக்குதடி” எண்டு ஆரும் சொன்னால், “கடலுக்கு நடுவிலை இருக்கிற ஊரிலை வேறை என்ன, கற்கண்டோ கரிக்கும்?” எண்டு கேட்பா.

அவவின்ரை வேலையிலை ஒரு பிடிவாதம். பழம் கறுக்கத் தொடங்கினால் ஆஞ்சு எடுக்கிற வரைக்கும் கொடிக்கு ஒரு சொட்டுத் தண்ணி காட்டமாட்டா. இலை வாடும். றோட்டாலை போறவை “பாவம் கொடி” எண்டு திட்டிக்கொண்டு போவினம். போகட்டும். அப்பிடிக் காயப்போட்டால்தான் பழம் சிறுத்து, தோல் தடிச்சு, சாறு இறுகும். அந்த நேரம் தண்ணி விட்டால் பழம் ஊதி வெடிக்கும், சாறு நீர்த்துப் போகும், சீனி போடாமல் இரசம் நிண்டு பிடிக்காது. சீனி போட்டதைப் பூசைக்கு எடுக்கேலாது.

இந்தமுறை திருவிழா உபயம் எமிலியானுசுக்கு. பாரிசிலை இருக்கிற மகன் ஒரு போத்தல் சிவப்பு வைன் அனுப்பியிருந்தான். “சுவாமி, இந்தமுறை பீடத்திலை பிரான்ஸ் வைன் வைப்பம்” எண்டு பங்குச் சுவாமியிட்டைப் போய் நிண்டான்.

“அக்காவின்ரை இரசம் இருந்தால் அதுதான்” எண்டார் சுவாமி. “இல்லாட்டிப் பாப்பம்.”

அந்த ‘இல்லாட்டி’யைக் கேட்டுக்கொண்டுதான் அவன் வீட்டை வந்தவன்.

பழம் ஆய நாலைஞ்சு நாள் இருக்கேக்கை, அன்ரனிட்டா வேலணையிலை ஒரு செத்தவீட்டுக்குப் போய் அடுத்த நாள் வந்தா. வந்து பாத்தால் பந்தலுக்குக் கீழை குளம். அவையின்ரை கிணறு பங்குக் கிணறு; வேலி கிணத்துக்கு நடுவாலை போகுது, பாதி அவவுக்கு, பாதி தம்பிக்கு. அவன்ரை பாதியிலை மோட்டர் ஓடுது, குழாய் வேலிக்கு மேலாலை இஞ்சாலை விழுந்து கிடக்குது. குலையெல்லாம் ஊதி வெடிச்சு, குளவி மொய்க்குது.

“நாசமாய்ப் போவானே! என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?”

“ஏனக்கா கத்துறாய்? கொடியெல்லாம் வாடிப் போய்க் கிடந்தது. பாவமெண்டு விட்டனான்.”

அவன்ரை முகத்தைப் பாக்கவேணும்! பச்சைப் பிள்ளை கெட்டுது.

அவ பிராது குடுக்க ஊர் அதிகாரி, விதானை அரியநாயகத்திட்டை ஓடினா. அவர் தலையைச் சொறிஞ்சார். “தங்கச்சி, தண்ணி விடாட்டிப் பிராது எழுதலாம். விட்டதுக்கு என்னெண்டு எழுதுறது?” பவுசர் லொறியிலை தண்ணி வாற நாளிலை வாளியோடை அடிபடுற ஊர் அது. சந்தியிலை நிண்ட சனம் சிரிச்சுது. “தண்ணி குடுத்தவனோடையும் சண்டையோ? உவவுக்கு விசர்.” அன்ரனிட்டாவுக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் வெண்டிடுவான் எண்டு அடக்கிக்கொண்டு வந்தா.

பின்னேரம் பந்தல் முழுக்க நடந்து பாத்தா. மேற்கு வேலியோரம் கல்லு மேடாய்க் கிளம்பின இடத்திலை ஒரு வரிசை மட்டும் தண்ணி ஏறாமல் தப்பிக் கிடந்தது. காணியிலை ஆகக் கேவலமான கொடிகள் அதுகள்தான். பழம் சுண்டங்காய் அளவு. அந்த நாளிலையிருந்து ஆயிற வரைக்கும் கொடுவாக்கத்தியும் கையுமாய் அதிலைதான் கதிரை போட்டிருந்தா.

எல்லாத்தையும் பிழிஞ்சு, புளிக்கவைச்சு, வடிச்சால் ஒரே ஒரு போத்தல். கறுப்பெண்டு சொல்லக்கூடிய சிவப்பு. ருசி பாக்கக்கூட ஒரு துளி எடுக்கேல்லை. குறைஞ்ச போத்தலைக் கண்டால் தம்பி அதுக்கும் ஒரு கதை கட்டுவான். பூசையிலை பாப்பம் எண்டு மூடி, சுவாமியின்ரை கையிலை குடுத்தா.

திருவிழாவுக்கு முதல் நாள், சுவாமியிட்டைப் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கிற பாவசங்கீர்த்தனம். எமிலியானுஸ் அவவுக்கு முன்னாலை போய், மாப்பிள்ளை மாதிரி மினுங்கிக்கொண்டு வெளியிலை வந்தான். அவ போய் முழந்தாளிட்டா.

“தம்பியை மன்னிச்சிட்டீரோ?” எண்டு சுவாமி கேட்டார்.

“ஏலாது சுவாமி.”

“பகையை மனசிலை வைச்சுக்கொண்டு நற்கருணை வாங்கேலாது. தெரியுந்தானே?”

“தெரியும். பொய் சொல்லி வாங்கவும் எனக்கு ஏலாது.”

திருவிழாவண்டைக்கு நற்கருணை அப்பத்தை இரசத்திலை தோய்ச்சுக் குடுக்கிறது அந்தக் கோயில் வழக்கம். முதல் ஆள் உபயகாரன். பட்டு வேட்டியோடை எமிலியானுஸ் வாயைத் திறந்தான். சுவாமி வைச்சார். அவன்ரை புருவம் நெளிஞ்சது, தொண்டை ஏறி இறங்கிச்சுது. விழுங்கடா, என்ரை கல்லையும் உப்பையும் நல்லாய் விழுங்கு எண்டு அன்ரனிட்டா மனசுக்குள்ளை சொன்னா. வயிறு குளிர்ந்து போச்சுது.

சனம் வரிசையிலை எழும்பிச்சுது. தம்பி பெண்சாதி யூலியட் தோளைத் தொட்டா. “மச்சாள், வாங்கோவன்.” அன்ரனிட்டா காலை ஒதுக்கி மற்றவைக்கு வழி விட்டா. கடைசி ஆளும் வாங்கி முடிய, சுவாமி மிச்சத்தைக் குடிச்சு, கிண்ணத்தைத் துணியாலை துடைச்சுக் கவிழ்த்தார்.

வெளியிலை வாசலிலை எமிலியானுஸ் நிண்டான்.

“அக்கா, உண்மையைச் சொல்லுறன், இதுவரைக்கும் நீ போட்டதிலை இதுதான் திறம். பிரான்ஸ் போத்தல் கிட்டவும் வராது.” அவன் சிரிச்சான். “ஏன், நீ ருசி பாக்கேல்லையோ?”

நாரந்தனைச் சனம் அவ என்ன சொல்லப்போறா எண்டு காத்துக்கொண்டு நிண்டுது. அன்ரனிட்டா உதட்டை நாக்காலை தடவிக்கொண்டு வீட்டைப் பாத்து நடந்தா.