டப்பாவில் ஒரு பிடி கல்லுப்பு

எங்கள் ஆராய்ச்சிக் குழுவில் புதிதாகச் சேருபவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் வேலை கைக்குழந்தைகளின் மலத்தைச் சேகரிப்பது. மைக்ரோபயாலஜி முடித்த கையோடு மரக்காணத்துக்கு வந்தேன். முதல் வாரமே தெருவில் எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "பீ டாக்டர் வர்றாங்க, கதவத் தொறங்க."

கோபமே வரவில்லை. ரோட்டா வைரஸ் வாந்தியும் பேதியுமாகக் குழந்தையின் உடம்பை வற்றவைத்துவிடும். அதற்கான சொட்டு மருந்து நம் ஊர்ப் பிள்ளைகள் சிலருக்குச் சரியாகப் பிடிப்பதில்லை. ஏன் என்று தெரிந்தால் இன்னும் நல்ல மருந்து செய்யலாம். மருந்தில் இருப்பது வலுவிழந்த வைரஸ். குடலில் அது வளர்ந்தால் மலத்தில் தெரியும். தெரிந்தால் மருந்து பிடித்திருக்கிறது. தெரியாவிட்டால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

உப்பளத்தில் வேலை செய்யும் மேகலா அக்காவுக்கு இதில் என்னைவிட அக்கறை. அவருடைய மூத்த பெண்ணுக்கு இதே நோய் வந்து, புதுச்சேரியில் டிரிப் ஏற்றித்தான் பிழைக்கவைத்தார்கள். "இவனுக்காவது மருந்து புடிச்சுதான்னு தெரிஞ்சாவணும்" என்றார், மடியில் கிடந்த பையனைக் காட்டி.

டப்பாவையும் ஐஸ் பெட்டியையும் கொடுத்தேன். "காலையில எடுத்து உள்ள வைங்கக்கா. கெட்டுப்போவாம பாத்துக்குங்க."

சொட்டு மருந்து கொடுத்த சில நாட்களுக்குள் எடுத்தால்தான் வைரஸ் தெரியும்; மறுநாள்தான் அவனிடம் சாம்பிள் எடுக்கக் கடைசி நாள். டப்பாவைத் திறந்தால் மேலே வெள்ளையாக ஒரு பிடி கல்லுப்பு.

"என்னக்கா இது?"

"நீதானம்மா கெட்டுப்போவக் கூடாதுன்ன. மீனுக்குப் போட்டா எத்தன நாளு தாங்குது. நம்ம பாத்தி உப்புதான், சுத்தமா இருக்கும்."

சூப்பர்வைசர் ஜோசப் சாருக்குப் போன் போட்டேன். சிரித்து முடிக்கவே அவருக்கு நேரமானது. "எது கலந்தாலும் லேப்ல வாங்க மாட்டாங்கம்மா. சாயந்தரம் வண்டி கெளம்புறதுக்குள்ள வேற எடு. இல்லன்னா அந்தப் பையனுக்கு ரிசல்ட் கெடையாது."

அக்காவின் முகம் வாடிவிட்டது. வேலைக்குப் போகாமல் பையனையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். அவனோ பால் குடித்தான், சிரித்தான், தூங்கினான். சாப்பிட வந்த அவருடைய கணவர் செல்வம் குனிந்து கெஞ்சினார். "டேய், தெருவே உனக்காகக் காத்துக்கெடக்குது. கொஞ்சம் மனசு வையேன்டா."

வெயில் சாய்ந்தது. தெருமுனையில் வண்டி ஹாரன் அடித்தது. அப்போதுதான் அவன் சட்டென்று அமைதியானான், முகம் சிவந்தது. நான் ஸ்பூனை எடுத்தேன். மேகலா அக்கா கணவரிடம் திரும்பினார். "மொதல்ல அந்த உப்புச் சட்டிய அந்தாண்ட எடுத்து வையி."

ரிசல்ட் வந்த அன்று உப்பளத்துக்கே போய்ச் சொன்னேன். மருந்து வைரஸ் தெரிந்திருந்தது. உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு, அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உப்பு இல்லாமலே புடிச்சிக்கிச்சு, பாத்தியா."

இப்போதெல்லாம் நான் 'கெட்டுப்போகாமல்' என்று யாரிடமும் சொல்வதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். "டப்பாவுல இத மட்டும் போடுங்க, வேற எதுவும் வேணாம்" என்று முடித்ததும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "உப்புகூட வேணாம்."