ஒற்றைத் தட்டல்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது எனக்கு. அதுவும் பட்டப்பகலில், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பேய்க்கு இருட்டும் பாழடைந்த பங்களாவும் வேண்டும் என்று எவன் சொன்னானோ, அவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி நறுக்கென்று கேட்பேன்.

நான் கார் பந்தய ஓட்டுநர். கூரை வைத்த கார்கள்தான். வெளியே பார்த்தால் உங்கள் வீட்டுக் கார் மாதிரி இருக்கும். உள்ளே பின்சீட்டு கிடையாது, இரும்புக் குழாய்கள்தான். மூன்று முறை சாம்பியன். வீட்டு அலமாரி நிறைய கோப்பைகள். சமையலறையில் ஒரே ஒரு டம்ளர். மனைவி பிரிந்து வேறு ஊரில் இருக்கிறாள். மகளும் அவளோடுதான்.

பந்தயக் காரின் பெல்ட்டை நாமே முழுதாக இறுக்க முடியாது. தோளில் வரும் இரண்டு வார்களின் கடைசி இழுப்பை மெக்கானிக்தான் இழுக்க வேண்டும். எனக்கு அதைச் செய்தவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். முதலில் இடது தோள், பிறகு வலது. முடித்ததும் என் ஹெல்மெட்டில் தட்டுவார். இரண்டு தடவை தட்டினால், போ. ஒரு தடவை என்றால், ஏதோ சரியில்லை, நில். அந்த ஒற்றைத் தட்டல் ஒருநாளும் பொய்த்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். பல நாட்களில் என்மேல் பட்ட ஒரே மனிதக் கை அவருடையதுதான்.

போன வருடக் கடைசியில் அவரிடம் சொன்னேன்: இன்னும் ஒரு சீசன்தான், பிறகு மகள் இருக்கிற ஊருக்கே போய்விடுவேன். அவர் அன்று மட்டும் பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கினார். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் மாரடைப்பு வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, கண்ணை மூடிவிட்டார்.

இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். என் கடைசிப் பந்தயமும் அதுதான். முதல் நாள் மகள் போனில் சொல்லியிருந்தாள்: "ஜெயிச்சாலும் தோத்தாலும் நேரா இங்க வந்துடுங்கப்பா." கோப்பையைவிட எனக்கு அதுதான் பெரிது.

புது மெக்கானிக் பெல்ட்டை இழுத்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினான். தட்டவில்லை. அவனுக்கு அந்த வழக்கம் தெரியாது. நானும் சொல்லித்தரவில்லை.

ஜெயித்தேன். கொடி காட்டிய பிறகு மெதுவாக ஒரு சுற்று வர வேண்டும். அப்போது தோள் வார்களைத் தளர்த்திக்கொள்வது எங்கள் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம். கார் நின்றால்தான்டா பந்தயம் முடிந்தது என்று மாமா திட்டாத நாளில்லை. அன்றும் தளர்த்தினேன். காதில் ரேடியோ முழுக்க வாழ்த்து, கூச்சல்.

மணி மூன்று ஐம்பது. ரேடியோ அடங்கிப்போனது.

சர்ர்ர்...

இடது தோள் வார் இறுகியது. என் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில்.

சர்ர்ர்... வலது.

கண்ணாடியில் பார்த்தேன். இரும்புக் குழாய்கள். வேறு எதுவும் இல்லை.

டக்.

ஹெல்மெட்டின் உச்சியில். ஒன்று.

இன்னொன்றுக்குக் காத்திருந்தேன்...

வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு கார் வந்து இடித்தது. அதன் ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டதாம். என் கார் சுவரில் மோதி நசுங்கியது. எனக்குக் கையில் ஒரு கீறல், அவ்வளவுதான். பெல்ட் தளர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கும் என்றார் டாக்டர். அழுதுவிட்டேன். செத்தும் என்னை நினைக்க ஓர் ஆள் இருக்கிறாரே என்று சந்தோஷம்கூட.

அன்று மாலையே மகளிடம் கிளம்பினேன். என் சொந்தக் கார். பெல்ட்டை மாட்டினேன். தானாக இறுகியது. வெறும் தலையில்... டக். ஒன்று.

இறங்கிவிட்டேன். மறுநாள் அந்தக் காரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. டாக்சியில் ஏறினேன். டக். பஸ்ஸில் பெல்ட்டே கிடையாது. தோள்கள் இறுகின. டக். உதறிவிட்டுப் போக வேண்டியதுதானே என்பீர்கள். அந்தத் தட்டல் பொய்த்ததே இல்லையே ஐயா! பஸ் நிறைய ஜனம் வேறு. இறங்கிவிட்டேன்.

டாக்சியும் சரி, பஸ்ஸும் சரி, பத்திரமாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தன.

மனம் கேட்காமல் மாமாவின் மனைவிக்குப் போன் செய்தேன். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் அந்த ஒரு வாரமும் மாமா விரலால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். விட்டு விட்டு, ஒவ்வொன்றாக. ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டாராம் அத்தை.

"அவன் மககிட்ட போயிடுவான், போக விடமாட்டேன்னாருப்பா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல."

இன்றும் மகள் போன் செய்தாள். எப்போது வருவீர்கள் என்றாள். கிளம்பிவிட்டேன் என்றேன். பொய்யில்லை. ஷெட்டில், காருக்குள், பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சாவி கையில் இருக்கிறது.

ஒரு தட்டல் விழுந்துவிட்டது.

இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறேன்...