குழி வாயை மூடும் காட்சி

விழுப்புரத்தில் மூன்று மாடி வீடு. திண்டிவனத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. போர் போடும் ரிக் வண்டி இரண்டு. கெடாரில் நாலு ஏக்கர் நிலம், அதே ஊர்க் கோயிலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. இத்தனையும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட ஒருவன் சம்பாதித்தது. அந்த ஒருவன் நான்தான். வண்டி இல்லாமல் கையாலேயே துளை போடும் கைபோர் கும்பலில் பைப்பைச் சுற்றுகிற கூலியாக ஆரம்பித்தேன். "இவனெல்லாம் எங்க உருப்படப் போறான்" என்று சொன்ன பங்காளிகள் எல்லார் வீட்டிலும் இன்றைக்கு நான் போட்ட போரில்தான் தண்ணீர் வருகிறது.

இவ்வளவும் செய்தவனுக்கு டிவி முன்னால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார வரவில்லை.

உட்கார வேண்டிய நிலைமை வந்ததற்குக் காரணம் டாக்டர். நெஞ்சில் கல்தூசி சேர்ந்திருக்கிறது, இனிமேல் ரிக் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டிகளை மகன் பார்த்துக்கொள்கிறான். எனக்கு ரிமோட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு சேனலில் கால் மணி நேரம் பார்ப்பேன், எழுந்து வாசல் வரைக்கும் போவேன், திரும்பி வந்து மாற்றுவேன். என் வீட்டுக்காரிக்கு இது பெரிய பேஜாரு.

பார்க்கிறதெல்லாம் பொய்யாக இருந்தால் எப்படி உட்காருவது? சீரியலில் மருமகள் ஒட்டியாணத்தோடு தூங்குகிறாள். மாமியார் கதவைத் திறந்ததும் அவள் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள், நான்கு பேர் அதிர்ச்சி அடைவதற்குள் நான் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். சினிமாவில் வயலில் மல்லாட்டைச் செடி பிடுங்குகிறவன் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. போர் போடும் காட்சி வந்தால் இன்னும் மோசம். முதல் சொட்டே பால் மாதிரி வெள்ளையாக வானத்துக்குப் பீய்ச்சுகிறது.

"டேய், மொதல்ல சேறுதான்டா வரும்! கலங்கல் வந்து, அப்புறம்தான்டா தெளியும்!" என்று கத்துவேன்.

"அவுங்க காதுல வுழப்போவுதா? கொஞ்சம் சும்மா குந்துங்க" என்பாள் என் வீட்டுக்காரி.

ஒருமுறை அவர்கள் காதில் விழுந்தது. அதைச் சொல்லத்தான் மகளை எழுத உட்கார வைத்திருக்கிறேன்.

மண்டகப்பட்டு பக்கம் ஒரு சினிமா எடுத்தார்கள். கடன்பட்டுப் போர் போட்டுத் தண்ணீர் கிடைக்காத ஒரு விவசாயியின் கதை. அதற்கு எங்கள் ரிக் வண்டியைத்தான் கேட்டார்கள். நிஜமாகத் துளை போடப் போவதில்லை, புகைக்கு மாவைத்தான் தூவப் போகிறார்கள் என்று தெரிந்ததும் டாக்டர் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு நானும் மகனோடு கிளம்பிவிட்டேன்.

கதாநாயகன் நல்ல பையன்தான். ஆனால் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் மண்டி போட்டு, இரண்டு கையையும் விரித்து, வானத்தைப் பார்த்து அலறினான். டைரக்டர் கண்ணாடி போட்ட இளவட்டம். "ஓகே" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கால் நிற்கவில்லை. மகன் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் மீறிப் போய்விட்டேன்.

"தம்பி, தண்ணி வரலன்னா எவனும் வானத்தப் பாத்துக் கத்த மாட்டான்."

"வேற என்ன பண்ணுவாங்க, அய்யா?"

"குழி வாய மூடுவான். கல்லோ சாக்கோ, கைக்கு ஆப்டத வச்சி மூடுவான். கொழந்த குட்டி வந்து வுழுந்துடப் போவுதுன்னு பயம். மூடிட்டு அப்புறம்தான் அழறது எல்லாம்."

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். "நீங்க பார்த்திருக்கீங்களா?"

"பாத்தது இன்னா தம்பி, நானே மூடனேன்."

கெடார் நிலத்தில் எனக்கென்று முதன்முதலாகப் போர் போட்ட கதையைச் சொன்னேன். அப்போது சொந்த வண்டி கிடையாது, முதலாளி வண்டியைத்தான் ஓட்டினேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்த எனக்கு என் நிலத்தில் வெறும் தூசிதான் வந்தது. கடைசிப் பைப்பையும் உருவிய பிறகு, கொல்லையில் துணி துவைக்கிற கல்லைத் தூக்கி வந்து குழி மேல் போட்டேன். அந்தக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வண்டி கிளம்பிப் போகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அப்படியே எடுத்தார்கள். பையன் கல்லைத் தூக்கி வந்தான், மூடினான், உட்கார்ந்தான். ஒரு வசனம் இல்லை. மேக்கப் போடுகிற அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். டைரக்டர் தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். "அய்யா, படத்தோட உயிரே இதுதான்" என்றார். என் விசிட்டிங் கார்டைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்ததை இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

படம் வந்தது. விழுப்புரத்தில் மதிய ஆட்டத்துக்கு வீட்டுக்காரியையும், திண்டிவனத்தில் டீச்சராக இருக்கிற என் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்தக் காட்சி வந்ததும் தியேட்டரில் பாப்கார்ன் மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பின்னால் யாரோ விசும்பினார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பக்கத்துச் சீட்டுக்காரரிடம், "இது நான் சொன்னதுங்க" என்றேன்.

"யோவ் பெருசு, மறைக்குது, குந்துய்யா" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. ஜனம் கதவைப் பார்த்து நடந்தது. நான் வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அந்த வேகம் எனக்குப் பிடிபடாது. மகள்தான் மளமளவென்று படித்தாள். மண்டகப்பட்டு ஊர் மக்களுக்கு நன்றி. சமையல்காரருக்கு நன்றி. இடம் கொடுத்தவர், மாடு கொடுத்தவர், ஒரு காட்சியில் குறுக்கே ஓடிய நாயின் சொந்தக்காரர், எல்லாருக்கும் நன்றி. விளக்கைப் போட்டுவிட்டார்கள். பெருக்குகிற அம்மா துடைப்பத்தோடு வந்து, "முடிஞ்சிப் போச்சிங்க, கெளம்புங்க" என்றாள்.

"என் பேரு வந்துதாம்மா?"

"இல்லப்பா" என்றாள் மகள். "அண்ணன் வண்டி பேருகூட இல்ல."

போன் போட்டேன். டைரக்டர் கிடைக்கவில்லை, உதவியாளர்தான் எடுத்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"விட்டுப் போச்சு அய்யா. அடுத்த படத்துல கண்டிப்பா போட்டுடறோம்."

"அடுத்த படத்துலயும் போர் போடறீங்களா?"

"இல்லீங்க, அது கப்பல் கதை."

அதற்கப்புறம் டிவியில் அந்த டைரக்டரின் பேட்டி வந்தது. பேட்டி எடுத்த பெண், "அந்தக் கல் காட்சி எப்படித் தோணுச்சு?" என்று கேட்டாள். அவர் கண்ணை மூடித் திறந்து, "எழுதும்போது தானா வந்துச்சு" என்றார். தானாக வந்ததாம்! நான் ரிமோட்டைச் சோபாவில் வீசிவிட்டு வீட்டுக்குள்ளேயே மேலும் கீழும் நடந்தேன். சட்டைப் பையில் கார்டை வைத்த அதே கைதான் டிவியில் அவர் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தது.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரி தலை நிமிராமல் கேட்டாள். "இன்னாத்துக்கு இப்பிடிக் குதிக்கிறீங்க? அன்னிக்கி கெடார்ல கல்லத் தூக்கியாந்தது யாரு?"

"நான்தான்."

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லுங்க. நான் துணி தொவைக்கிற கல்லு அது. இடுப்புல வச்சித் தூக்கியாந்தேன். பெரியவன் அப்பதான் தவழ்ந்துக்கினு இருந்தான்."

"சரி, நீயே தூக்கியாந்த. மூடுன்னு சொன்னது நான்தான?"

"நீங்களா? நீங்க மேலப் பாத்துக்கினு, ரெண்டு கையயும் விரிச்சிக்கினு, ஓன்னு கத்திக்கினு இருந்தீங்க. நான் மூடனப்புறம்தான் வந்து அது மேல குந்துனீங்க."

மாடிக்குப் போய்விட்டேன். தண்ணீர்த் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன். இறங்கி வந்து மறுபடி ஏறினேன். என் ஞாபகத்தில் அந்தக் கல்லின் கனம் என் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவள் பொய் சொல்கிற பழக்கம் இல்லாதவள். பெரியவன் அந்தச் சமயத்தில்தான் தவழ்ந்தான், அதுவும் சரிதான். அன்றிலிருந்து டிவியில் எவனாவது வானத்தைப் பார்த்துக் கத்தினால் நான் எதுவும் சொல்வதில்லை. சேனலை மட்டும் மாற்றிவிடுகிறேன்.

அதற்காக டைரக்டர் தம்பியை விட்டுவிட முடியாது. தம்பி, உங்களுக்குத்தான் சொல்கிறேன்: கல்லைத் தூக்கியது அவளாகவே இருக்கட்டும். குழி போட்டது நான். நிலம் எங்களுடையது. அந்தக் கதையை வெயிலில் நின்று உங்களிடம் வந்து சொன்ன வாய் என்னுடையது. மாவுப் புகைக்கு நடுவே நீங்கள் "ஓகே" சொல்லி முடித்த காட்சியைத் திருப்பி எடுக்க வைத்தவன் நான். தானாக வந்தது என்று இனிமேல் ஓரிடத்திலும் சொல்லாதீர்கள்.

தீபாவளிக்கு அந்தப் படத்தை டிவியில் போடப் போகிறார்களாம். அதற்குள் நன்றிப் பட்டியலில் சேருங்கள். நாய்க்காரருக்குப் பக்கத்தில் வேண்டாம், கதை எழுதியவர்கள் வருகிற இடத்தில் போடுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் விட்டு ஓட விடுங்கள். என் வீட்டுக்காரி பேரையும் சேர்த்துப் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு பேருக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் என் பேரைப் போடுங்கள். உங்களிடம் சொன்னவன் நான்.