பிரிக்காத கவர்கள்

பல்செட் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஏழு பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அவருக்குத்தான் அனுப்புவார்கள். வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் மெழுகில் பல்லை நட்டு, வார்த்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்கிற கடி ஒரு தாள் கனம் பிசகினாலும் மனசு ஒப்பாது, அடியிலிருந்து தொடங்குவார். டாக்டர்களே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்பேர்ப்பட்ட வேலைச் சுத்தக்காரர் பதினோரு வருஷமாக வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யவில்லை என்றால் யார் நம்புவார்கள்? மனைவியே நம்பமாட்டாள். அவளிடம்தான் வருஷா வருஷம் "முடிச்சாச்சு" என்று கூசாமல் சொல்லிவந்தாரே.

ஏமாற்றும் எண்ணம் கிடையாது. முதல் வருஷம் அந்த அறையை இடித்துக் கட்டினார்கள். ரசீதுகள் எந்தப் பெட்டியில் போயின என்று தெரியவில்லை, தேதி தாண்டிவிட்டது. மறு வருஷம் படிவத்தைக் கையில் எடுத்தவருக்கு ஒரு யோசனை வந்தது. இதைக் கொடுத்தால் போன வருஷத்தது எங்கே என்று கேட்பார்களே? சும்மா இருந்தால் அவர்களும் மறந்துவிடுவார்கள். சொத்தைப் பல்லோடு டாக்டருக்குப் பயந்து ஒளிகிற ஆசாமிகளைக் கேலி பண்ணியே வயிறு வளர்த்தவருக்கு, தன் விஷயத்தில் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? ஐந்தாறு வருஷம் போனதும், தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று விட்டுவிட்டார்.

வரி ஆபீஸிலிருந்து கவர்கள் வந்தன. பிரிக்கப் பயம், கிழித்துப் போட அதைவிடப் பயம். அச்சு வார்க்கிற மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுவைத்தார். அந்தத் தூசி மனைவிக்கு ஆகாது, இருமல் வரும். அதனால் அவள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. தபால்காரர் வருகிற நேரத்துக்கு அரை மணி முன்பே தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மடியில் கனமிருந்தால் வழியில் பயம். ஒருநாள் டை கட்டிய ஒருவன் வாசலில் மணியடித்தான். வரி ஆபீஸ் ஆள்தான் என்று மாஸ்டர் முடிவு கட்டிவிட்டார். பார்த்தால், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்க வந்தவன். பிழைத்தோம் என்ற சந்தோஷத்தில் பேரம்கூடப் பேசாமல் ஒன்று வாங்கிவிட்டார்.

போன திங்கட்கிழமை பெரிய டாக்டர் போன் செய்தார்.

"மாஸ்டர், வரி ஆபீஸ்லேர்ந்து எனக்கு லெட்டர் வந்திருக்கு. உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை உங்ககிட்ட குடுக்கக் கூடாதாம், அவங்களுக்கே கட்டணுமாம். என்ன விஷயம்?"

"ஏதோ தப்பா அனுப்பியிருப்பாங்க டாக்டர். நான் பாத்துக்கறேன்."

போனை வைத்தார். ஒரு டாக்டருக்குப் போன லெட்டர் மற்ற ஆறு பேருக்கும் போக எத்தனை நாள் ஆகும்? யாராவது வீட்டு நம்பருக்குப் போன் செய்து, மனைவி எடுத்துவிட்டால்? ஜெயிலைக்கூட அவர் நினைத்துப் பார்த்துப் பழகியிருந்தார். அவள் முகம் மாறுவதைத்தான் நினைக்க முடியவில்லை.

மறுநாள் அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு ஆடிட்டர் அம்மாவிடம் போனார். அந்த அம்மா ஒவ்வொரு கவராகப் பிரித்து, தேதிவாரியாக அடுக்கினாள். அவர் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெயில் எல்லாம் இல்ல சார், பயப்படாதீங்க. ஆனா அபராதமும் வட்டியும் நிறைய. தவணையில கட்டிடலாம்." ஒரு தாளை அவர் பக்கம் திருப்பினாள். "முதல் மூணு வருஷம் பாருங்க. டாக்டருங்க உங்க கூலியிலயே வரி பிடிச்சுக் கட்டியிருக்காங்க, அதுவும் கூடுதலா. அப்பவே தாக்கல் பண்ணியிருந்தா, கவர்மெண்ட்தான் உங்களுக்குத் திருப்பித் தந்திருக்கணும். இப்ப கெடு போயிடுச்சு."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தனக்குத் தர வேண்டியவனைக் கண்டு ஓடிய மகாபுத்திசாலி!

"இன்னொண்ணு. தவணைக்கு வீட்டைத்தான் ஈடா காட்டணும். வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. உங்க வீட்டம்மாவும் கையெழுத்துப் போடணும்."

"அவங்களுக்குத் தெரியாம முடியாதா மேடம்?"

"முடியாது."

அன்று சாயங்காலம், மனைவி வேலையிலிருந்து வந்து கைகால் கழுவும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார். முதல் வருஷத்திலிருந்து பெரிய டாக்டரின் போன் வரை, ஒன்று விடாமல் சொன்னார்.  அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலை. ஆடிட்டர் கொடுத்திருந்த ஈட்டுப் படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"வேற என்ன இருக்கு?" என்றாள்.

"வேற ஒண்ணும் இல்லம்மா. இவ்வளவுதான், சத்தியமா."

அது உண்மை. சொன்னது உண்மைதான் என்பதைக் காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. இதே குரலில், இதே முகத்தோடுதான் பதினோரு முறை "முடிச்சாச்சு" என்று சொல்லியிருந்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். முன்பின் தெரியாத ஆளுக்கு வீட்டை வாடகைக்கு விடலாமா என்று எடைபோடுகிறவள் மாதிரி பார்த்தாள்.

"பீரோ சாவியக் குடுங்க."

கொடுத்தார். அவள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, தன் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தாள்.