முதல் வரிசையில் நின்றவளின் கை

ஐயா, அம்மையீர், வணக்கம்.

நான் டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் மகள் வீட்டில் வாழ்பவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அதன்பின் கற்றதெல்லாம் நானாகத் தேடிக் கற்றது. வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறிப்போரை மேற்பார்வையிட்டேன். ஆகவே ஆட்களை வரிசையில் நிறுத்துவது பற்றி நான் கூறுவதைத் தாங்கள் நம்பலாம்.

சென்ற வாரம் மகள் என்னைக் காரில் இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள பழைய பருத்திப் பண்ணை ஒன்றுக்கு அழைத்துச் சென்றாள். அடிமைகளைக் கொண்டு நடத்தப்பட்ட அந்தப் பண்ணை இன்று காட்சியகமாக உள்ளது. சுற்றிக் காட்டியவர் என் வயதை ஒத்த கறுப்பின அம்மையார். அவருடைய முன்னோர் அதே வட்டாரத்தில் அடிமைகளாகப் பருத்தி எடுத்தவர்கள். அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, மகள் எனக்குத் தமிழில் சொல்லி வந்தாள்.

பண்ணைக்காரர் ஆட்களைக் கைகளாகக் கணக்கிட்டார்களாம். திடமானவர் முழுக்கை, பால் கொடுக்கும் தாய் அரைக்கை, சிறு பிள்ளைகளும் முதியவர்களும் கால்பங்குக் கை. உழ ஒரு கூட்டம், களை கொத்த ஒரு கூட்டம். அடிமைகளில் ஒருவரையே கூட்டத்துக்குத் தலைவராக்கி, அவர் கையிலேயே சவுக்கையும் கொடுத்தார்கள். அவருக்கு மேலே சம்பளத்துக்கு ஒரு வெள்ளைக்காரர். எழவும் மணி, உண்ணவும் மணி. வேகமானவரை முன்னே விட்டு, மற்றவர்களை அந்த வேகத்துக்கு இழுத்தார்கள். பருத்தி எடுக்கும் பருவத்தில் அந்தியில் ஒவ்வொருவர் கூடைக்கும் எடை. குறைந்தால் சவுக்கடி. ஒருநாள் கூடுதலாக எடுத்துவிட்டால் மறுநாள் அதுவே அவருக்கு அளவாகிவிடும்.

நான் தலையசைத்தபடி கேட்டு வந்தேன். “வேகமான ஆளை முன்னால் விடுவது நல்ல முறைதான், நானும் அப்படித்தான் செய்தேன் என்று அவரிடம் சொல்லம்மா” என்றேன்.

“அப்பா, இது எஸ்டேட் மீட்டிங் இல்ல. இதையா ட்ரான்ஸ்லேட் பண்ணச் சொல்றீங்க? அதுவும் இவங்ககிட்ட?”

“சொல்.”

சொன்னாள். அம்மையார் சினக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். புதிய அறிவிப்புப் பலகைக்கான வரைவு அது. “திறமைக்கேற்ப வேலை பகிர்ந்தளிக்கப்பட்டது” என்றது ஒரு வரி. காட்சியகக் குழுவில் சிலருக்கு அந்த வரி பிடித்திருக்கிறது, தமக்குப் பிடிக்கவில்லை, பார்வையாளர் கருத்துகளையும் படித்துவிட்டு மாத இறுதியில் முடிவெடுப்பார்கள் என்றார். பிறகு என்னை நோக்கி ஏதோ கேட்டார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

“முன்னால நின்ன ஆளு உங்ககிட்ட எப்பவாவது ஏதாவது சொன்னாங்களான்னு கேக்கறாங்கப்பா.”

ஒருத்தி சொல்லியிருந்தாள். எங்கள் தோட்டத்தில் அவளைப்போல் பறிப்பவர் இல்லை. நாள்தோறும் அவளை முதல் வரிசையில் விடுவேன். அவள் கூடையைக் காட்டி மற்ற பெண்களை ஏசுவேன். ஒருநாள் எல்லாரும் போன பின்னும் எடைக் கொட்டகையில் நின்றாள்.

“ஐயா, என்னைய மொத வரிசையில விடாதீங்க.”

“ஏம்மா, கை வலிக்குதா?”

“கைக்கு என்ன கேடு? என் கூடையக் காட்டித்தான அவளுகள ஏசுறீங்க? தண்ணி பிடிக்கப் போனா, பைப்படியில எவளும் எனக்கு எடம் விட மாட்டேங்கிறா. மெதுவாப் பறிக்கலாம்னா, பாழாப்போன கை கேக்க மாட்டேங்குது.”

“திறமைய யாராவது ஒளிச்சு வைப்பாங்களா?” என்று சிரித்து அனுப்பினேன். மறுநாளும் முதல் வரிசைதான்.

இதை அம்மையாரிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் என்ன ஆனாள் என்று கேட்டார். வேலையை விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டாள் என்றேன்.

“இங்க இருந்தவங்களுக்குப் போக வழி இல்லங்கறாங்கப்பா” என்றாள் மகள்.

அந்த வேறுபாடு பெரிது. எங்கள் ஆட்களுக்குக் கூலி உண்டு, சங்கம் உண்டு. அவர்கள் பிள்ளைகளை எவரும் விற்க முடியாது. என்னிடம் இருந்தது வாய். பண்ணையில் இருந்தது சவுக்கு. இரண்டும் ஒன்று என்று நான் எழுதவில்லை. ஆனால் வரிசை எப்படி வேலை செய்யும் என்பதை நான் அறிவேன். வெறும் ஏச்சுக்கே ஒரு பெண் பைப்படியில் தனித்து நின்றாள். அந்தப் பண்ணையில், தன் கை விரைந்தால் பின்வரிசையில் வரும் தன் தாயின் முதுகில் அடி விழும் என்று தெரிந்தவர், அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

ஆகவே, குழுவினரே, “திறமைக்கேற்ப” என்ற சொல்லை நீக்குங்கள். அச்சொல்லின் பின்னால் நானும் ஒளிந்திருக்கிறேன். “வேகமானவரை முன்னே நிறுத்தினார்கள், பின்தங்கியவரை அடித்தார்கள்” என்று எழுதுங்கள்.

மகள் இதை ஆங்கிலத்தில் தட்டிக்கொண்டிருக்கிறாள். “ஷார்ட்டா முடிங்கப்பா, போர்டுல அவ்வளவு எடம் கிடையாது” என்கிறாள். பலகையில் எனக்கு இடம் வேண்டாம். அந்த வரைவு இருக்கும் கோப்பில் இத்தாளையும் சேர்த்து வைத்திருங்கள்.