அன்டன் தொடாத கொன்ட்ரோலர்

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் எங்கே நின்றேன் தெரியுமா? கொழும்பு காலி வீதியில், கேம் டிஸ்க் விற்கும் கடையொன்றின் இன்னும் திறக்காத ஷட்டருக்கு முன்னால். எனக்கு முன்னே ஏழு பேர் வரிசையில். அதில் ஒருவருக்கும் மீசை ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. எனக்கோ சாயம் பூசாவிட்டால் ஒரு கறுப்பு மயிரும் தேறாது.

கடைக்காரர் டிஸ்க்கை எடுத்து நீட்டியபடி சிங்களத்தில் கேட்டார்: "புதாட்டத, அங்கிள்?" மகனுக்கா என்கிறார்.

"மட்ட தமய்!" என்றேன். எனக்கேதான்!

டேர்ட் ட்ராக் ரேஸ் என்று ஒன்று இருக்கிறது. தார் ரோடு கிடையாது. முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. அதில் இருபது கார்கள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சேற்றை வாரி எறிந்துகொண்டு, வளைவுகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ரேஸை அப்படியே கொன்சோலுக்குள் கொண்டுவந்து ஒரு புது கேம் வெளியாகியிருக்கிறது. திகதி அறிவித்த நாளில் இருந்து நான் கலண்டரைப் பார்த்தபடி இருந்தேன். "பென்ஷனுக்கு நாள் எண்ணுற வயசில..." என்று என் மனைவி வசந்தி ஆரம்பித்தாள். முடிக்க நான் விடவில்லை.

இத்தனை அவசரத்துக்கும் காரணம் அன்டன்.

அன்டன் என் பள்ளிக்கூட நண்பன். கொட்டாஞ்சேனைக்காரன். துறைமுகத்தில் கண்டெய்னர் லொறி ஓட்டுகிறான். இளவயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு இன்னொரு ஓட்டம் இருந்தது — மலைநாட்டுப் பக்கம், சிவப்பு மண் பாதைகளில் கார் ரேஸ். பழைய கார் ஒன்றை நாங்களே கழற்றிப் பூட்டிக் கொண்டுபோவோம். நானும் டீமில் இருந்தேனாக்கும்! என் பதவி? கண்ணாடியில் அப்பிய சேற்றைத் துடைப்பது. அவன் ஒரு வளைவுக்குள் காரைச் சரித்துவிட்டால் வேலியோரம் நிற்கும் சனம் மூச்சு விடாது. நான் துணியைக் கீழே போட்டுவிட்டுக் கத்துவேன்.

இருபது வருடத்துக்கு முன், ஒரு ஞாயிறு, அந்தக் கார் மூன்று தரம் உருண்டது. ஒன்பது நாள் அன்டன் கண் திறக்கவில்லை.

அவன் மனைவி ஜெசிந்தா ஆஸ்பத்திரியில் இருந்து நேரே கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனாள். முழந்தாளில் நின்று நேர்ந்தாள் — இவர் கண் திறந்தால், இனி இவர் ரேஸ் ஓடமாட்டார்.

பத்தாம் நாள் அன்டன் கண் திறந்து தண்ணீர் கேட்டான். நடக்கத் தொடங்கியதும் ஒரு செவ்வாய்க்கிழமை அவளோடு போய், அதே வாக்கைத் தன் வாயாலும் சொல்லிவிட்டு வந்தான். அன்றோடு சரி. காரை விற்றான். ஹெல்மெட்டை யாருக்கோ கொடுத்தான். ஒருமுறை பிறந்தநாள் பார்ட்டி ஒன்றில், ஒன்றோடொன்று மோதி விளையாடும் சின்னக் கார்களில் நாங்கள் எல்லோரும் ஏறிக்கொண்டோம். இவன் மட்டும் கேக் தட்டோடு வெளியே நின்றான். "அதுவும் ஒரு மாதிரி ரேஸ்தானே" என்றான்!

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் அத்தனை துள்ளல் என்று? கேமில் எலும்பு முறியாது. கார் உருண்டால் ஒரு பட்டன்... மறுபடி நாலு சக்கரத்தில் நிற்கும். அன்டன் மறுபடியும் ஓடுவான். நான் மறுபடியும் கத்துவேன். இதைவிட என்ன வேண்டும்?

ஞாயிறு பூசை முடிந்ததும் அவனையும் ஜெசிந்தாவையும் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னேன். உள்ளே வந்த அன்டன் டீவியைப் பார்த்தான். சிவப்பு மண். எஞ்சின் உறுமல். செருப்பைக் கழற்ற மறந்து அப்படியே நின்றான்.

"என்னடா இது..."

"உனக்குத்தான். பிடி." கொன்ட்ரோலரை நீட்டினேன்.

அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் மச்சான். நேர்த்தி இருக்கு."

"டேய், இது விளையாட்டடா! சின்னப் பிள்ளையள் விளையாடுறது!"

"ரேஸ்தானே?"

"ரேஸ்தான், ஆனா..."

"பிறகென்ன?"

நான் விடுவேனா? லோயர் மாதிரி வாதாடினேன். மண் இல்லை, பெட்ரோல் இல்லை, சோபாவில் இருக்கிறவன் எப்படி ஓடுகிறவன் ஆவான்? கடைசியில் அவர்களுடைய பங்கு ஃபாதருக்கே போன் போடவைத்தேன். ஸ்பீக்கரில் ஃபாதர் சிரித்தார். "விளையாட்டுத்தானே மகன்... விளையாடுங்க. பாவம் ஒண்டும் இல்ல."

வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அன்டன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"ஃபாதர் சொல்லுவார்டா. நான் வாக்குக் குடுத்தது ஃபாதருக்கு இல்லையே."

வாதத்தை அங்கேயே விட்டேன். நேர்த்தி விஷயத்தில் நானும் அடிபட்டவன். என் பதவி உயர்வுப் பரீட்சைக்காக ஜிந்துப்பிட்டி முருகனிடம் நேர்ந்தவள் வசந்தி. மொட்டை போட்டவன் நான். புதுப் பதவிக்கு எடுத்த அடையாள அட்டைப் படத்தில் ஒரு உரித்த தேங்காய் சிரித்துக்கொண்டிருக்கும்.

சரி, நானே ஓட்டினேன். அதை ஓட்டம் என்று சொல்லலாமா? காலி வீதி ட்ராஃபிக்கில் முப்பது வருடம் பழகிய கை. வளைவு வந்தால் பிரேக். பக்கத்தில் கார் வந்தால் மரியாதையாக வழிவிடல். முதல் தரம் கடைசி இடம். அடுத்த தரம் சுவர். அதற்கடுத்த தரம் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

அன்டனால் தாங்க முடியவில்லை.

"பிரேக்க விடுடா! இடப்பக்கம் வளையுதெண்டா ஸ்டியரிங்க வலப்பக்கம் திருப்பு! பின்பக்கம் வழுக்கட்டும்... பயப்படாத!"

கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னால்தான். ஆனால் அவன் வலது கால்... அது தரையை ஆக்ஸிலரேட்டர் மாதிரி அமத்திக்கொண்டிருந்தது. வளைவுக்குள் போகும்போது விடும். வெளியே வரும்போது அமத்தும். விடும், அமத்தும். இருபது வருடமாக ரேஸ் ஓடாத கால், ஒரு வளைவுக்குக்கூடப் பிந்தவில்லை.

குசினி வாசலில் கட்லட் தட்டோடு நின்ற ஜெசிந்தாவும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிக்கப் போகிறாளா? வாங்க வீட்டுக்கு என்று சொல்லிவிடுவாளா? என் அதிகப்பிரசங்கித்தனத்தால் ஒரு நல்ல ஞாயிறு நாசமாகப் போகிறதே...

அவள் தட்டை மேசையில் வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"அண்ணா, அதை இங்க தாங்க."

"ஏன் ஜெசிந்தா?"

"அவர் ஓடமாட்டார் எண்டுதானே நேந்தேன்? நான் ஓடமாட்டேன் எண்டு ஒருத்தரும் நேரல்லையே!"

வசந்தி குசினிக்குள் இருந்து சிரித்த சிரிப்பு கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும்.

லைசன்ஸ் இல்லாத ஜெசிந்தா. சைக்கிள்கூட ஓடத் தெரியாத ஜெசிந்தா. அன்டன் ரேஸ் ஓடிய காலத்தில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் கண்டதில்லை. அந்த நேரமெல்லாம் கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். முதல் வளைவிலேயே சுவரில் ஏறினாள். "ஐயோ மாதாவே!"

அன்டன் அவளுக்குப் பின்னால் போய் நின்றான். சோபாவின் முதுகில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டான். எனக்குக் கத்தியவன் அவளுக்குக் கத்தவில்லை, கவனியுங்கள்.

"இப்ப விடு... விடு... மற்றப் பக்கம் திருப்பு... வழுக்குது, வழுக்கட்டும்... இப்ப அமத்து!"

நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ — அது நடந்தது. கார் வளைவுக்குள் அழகாகச் சரிந்தது. பின் சக்கரம் மண்ணை வாரி எறிந்தது. முன்னால் போன மூன்று கார்களை வெளிப்பக்கத்தால் சுற்றிக்கொண்டு நேர் பாதைக்குள் பாய்ந்தது. ஜெசிந்தா வைத்தாளே ஒரு கூச்சல்! நான் சோபாவை விட்டு எழும்பிக் கத்தினேன். வசந்தி அகப்பையோடு ஓடிவந்தாள். பன்னிரண்டாம் இடம்... பத்து... ஏழு...

ஐந்தாவதாக வந்து முடித்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிரிப்பு. கொன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, திரும்பி அன்டனைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இதையா நான் உங்கள விடச் சொன்னேன்?"

அன்டன் அவள் தோளில் கையை வைத்தான். வசந்தி சோறு ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். ஒருவரும் எழும்பவில்லை. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது மூன்றரை மணிக்கு. அதற்குள் ஜெசிந்தா இன்னும் ஆறு ரேஸ் ஓடிவிட்டாள்.

மற்றவர் பெயரில் நேர்ந்துவிடுவது நமக்கு எவ்வளவு சுலபம்! அவருடைய தலைமயிர், அவருடைய சிகரெட், அவருடைய ஞாயிற்றுக்கிழமை. பிழை என்று சொல்ல மாட்டேன். அன்பிலும் பயத்திலும் செய்வது அது. அன்டன் உயிரோடு இருக்கிறானே! ஆனால் விட்டவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேர்ந்தவர் ஒருநாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா எனக்குப் போன் எடுத்தாள்.

"இருபது வருஷமா அந்தோனியாருக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கேன் அண்ணா. இவருக்கு ஒரு நாளும் சொல்லவே இல்ல. இண்டைக்குக் காலையில சொல்லிட்டேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"முதல் வளைவில நீ இன்னும் பிரேக் பிடிக்கிறாய் எண்டார்."