நின்ற மரத்துக் கன்று

என் வீட்டுக்காரருக்கு எதையும் பாதிதான் கேட்கும். காதில் ஒரு கோளாறும் கிடையாது. தனக்குப் பிடித்தது காதில் விழுந்ததும் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

பரளச்சிப் பக்கம் மானாவாரிக் காட்டுக்கு நடுவே, போர் போட்ட தைரியத்தில் ரஸ்தாளி வாழை வைத்தோம். குலை தள்ளும் முன்னாலேயே வாடல் நோய் வந்துவிட்டது. அடியிலை மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, மரத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரித் தொங்கியது. விவசாய ஆபீசர் வந்து பார்த்தார். "இது மண்ணுல இருக்கிற பூஞ்சாணம். பொட்டாஷைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடுங்க, மரம் தாங்கும். ஆனா நோய் போகாது. இந்தத் தோட்டத்துல கன்னு மட்டும் எடுத்துறாதீங்க" என்றார். 'தாங்கும்' என்றதுமே இவர் மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார். மீதியைக் கேட்டவள் நான்.

பொட்டாஷ் போடவும் சண்டைதான். யூரியா போட்டால் நாலு நாளில் இலை பச்சைப்பசேல் என்று கண்ணுக்குத் தெரியும். பொட்டாஷ் அப்படி ஒன்றையும் காட்டாது. "உப்பை அள்ளிக் கொட்டுற மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். நானே மரத்துக்கு மரம் மூடு மூடாகப் போட்டேன். கருவேலங்கரி மூட்டம் போடுகிறவர்களிடம் சாம்பல் கேட்டு வாங்கி அதையும் போட்டேன். நோய் ரொம்ப முற்றியவை சாய்ந்தன. மற்றவை நின்று குலையும் தள்ளின. உடனே இவர் டீக்கடையில் போய், நோயைத் தானே விரட்டிவிட்டதாகப் பெருமை அடித்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எம்.ரெட்டியபட்டியில் கட்டிக்கொடுத்த நாத்தனாருக்கு இருப்பதே ஒரு துண்டு நிலம். பருத்தி கைவிட்டதால் அவளும் போர் போட்டு வாழை வைக்கப் போகிறாள் என்று சேதி வந்தது. மறுநாளே இவர் கடப்பாரையோடு தோட்டத்தில் நிற்கிறார்.

"ஏங்க, கன்னு எடுக்கக் கூடாதுன்னு ஆபீசர் சொன்னாருல்ல?"

"நோய்க்கே அசராம நின்ன மரம். அதோட கன்னு எப்படி இருக்கும்! கூடப் பொறந்தவளுக்குச் சொத்தையையா குடுப்பேன்?"

ஒரு கிழங்கை வெட்டிக் காட்டினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் செம்பழுப்பு நூல் நூலாக ஓடியிருந்தது. "கிழங்குன்னா அப்பிடித்தான் இருக்கும்" என்று கன்றுகளை லோடு ஆட்டோவில் ஏற்றினார். எனக்கு வந்த எரிச்சலில் அந்தக் கடப்பாரையைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். என்ன செய்ய, எங்களிடம் கிணறும் இல்லை.

ஊதுகிற சங்கை ஊதுவோம் என்று நாத்தனாருக்குப் போன் செய்தேன். "நடாத ஆத்தா, நோய் கன்னோடயே வரும்" என்றேன். "எங்கண்ணன் ஆசையாக் குடுக்கிறது ஒங்களுக்குப் பொறுக்கலையா மதினி?" என்று கேட்டாள். நாத்தனாருக்குப் போவதைத் தடுக்கிற மதினிக்கு ஊரில் வேறென்ன பெயர் வைப்பார்கள்? வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். அடியிலை மஞ்சளாக இருக்கிறதாம். "பொட்டாஷ் போட்டாச் சரியாயிரும்னு அண்ணன் சொல்லுறாக. எவ்வளவு போடணும் மதினி?"

"போடு, தாங்கும். ஒரு குலையாவது பார்ப்ப. ஆனா நோயி ஒம் மண்ணுல ஏறிருச்சு. மறுபடி அதுல வாழை வைக்காத."

அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், "அன்னைக்கே நீங்க இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா மதினி?"